தறியை நிறுத்தச் சொன்ன மாப்பிள்ளை

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் முப்பது பேரைத் தப்பான இடத்தில் நிறுத்தி வைத்த மனுஷர் எங்கள் அத்தான். சிவகிரி வண்டி எங்கே நிற்கும் என்று ஒரு பெரியவர் பொதுவாகக் கேட்டார். கேட்டது இவரை இல்லை. இவரோ டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "இங்கனதான் வரும், நில்லுங்க அண்ணாச்சி" என்று கையைக் காட்டினார். அந்தக் கையில் என்ன இருந்ததோ, பெரியவர் நின்றார். அவருக்குப் பின்னால் வாழைத்தார் கொண்டுவந்தவர் நின்றார். பிறகு கைப்பிள்ளைக்காரி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று ஒரு கூட்டமே நின்றது. வண்டி எதிர்மூலையில் வந்து நின்று, ஆள் ஏற்றிக்கொண்டு, போயே போய்விட்டது. முப்பது பேரும் இவரைத் திரும்பிப் பார்த்தார்கள். நானாக இருந்தால் அங்கேயே பூமிக்குள் போயிருப்பேன். அத்தான் அசையவே இல்லை. "அது நடுவுல எங்கயும் நிக்காது. நம்ம வண்டி பின்னால வருது" என்றார். பத்து நிமிஷத்தில் இன்னொரு வண்டி வந்தது. அதுவும் எதிர்மூலையில்தான் நின்றது. "ஓடுங்க, ஓடுங்க" என்று கத்திக்கொண்டே முதல் ஆளாக ஓடியவரும் இவர்தான்.

என் அக்காவைக் கட்டியவர். பேர் வேண்டாம், சொன்னால் அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருப்பார். நான் சொல்வது பத்து வருஷத்துக்கு முந்தைய அத்தானை. இப்போது அக்காவும் அவரும் வெகுதூரத்தில் இருக்கிறார்கள். வீடியோவில் கூப்பிட்டால் போனை ஏடாகூடமாகப் பிடித்துக்கொண்டு பாதி நெற்றியை மட்டும் காட்டுகிறார். அந்தப் பாதி நெற்றியும் எல்லாம் தெரிந்த நெற்றியாகத்தான் இருக்கிறது.

கல்யாணமான புதிதில் என்னோடு போனில் மட்டும்தான் பழக்கம். அப்பா காதில் விழாமல் அம்மாவும் நானும் மொட்டைமாடியில் நின்று அக்காவோடு பேசுவோம். நடுவில் இவர் போனைப் பிடுங்குவார். அப்போது நான் காலேஜில் இரண்டாம் வருஷம். ஸ்டாட்டிஸ்டிக்ஸ் ரிசல்ட் வருவதற்கு முந்தின நாள், "கொழுந்தியா, நீ பாஸு. எழுபதுக்கு மேல. நான் சொல்லுதேன்லா?" என்றார். பேப்பரைத் திருத்தியவர் மாதிரி ஒரு குரல். நானும் நம்பி, தெருவில் அல்வா கொடுக்காத குறையாக ஆடித் தீர்த்தேன். மறுநாள் பார்த்தால் பதினெட்டு மார்க். அழுதுகொண்டே போன் செய்து திட்டினேன். "நான் அடுத்த பரீட்சையச் சொன்னேன்" என்றார் கூசாமல். அடுத்த பரீட்சையில் பாஸ்தான். எழுபது இல்லை, நாற்பத்திரண்டு. "பார்த்தியா?" என்று அதற்கும் ஒரு போன் வந்தது. இந்த ஆளை என்ன செய்வது?

சிவகிரிக்காரர். கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஓட்டலில் பேக்கரி பிரிவில் வேலை. குட்டையான ஆள். சட்டையில் மடிப்புக் கலையாது. தோளில் எப்போதும் ஒரு சின்னத் துண்டு கிடக்கும், கல்யாண வீட்டுக்குப் போனாலும் கிடக்கும். அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. ஓவனுக்குள் ஒன்றை வைத்துக் கதவைச் சாத்திவிட்டால், நேரம் முடிகிற வரைக்கும் திறக்கவே மாட்டார். நாமெல்லாம் குழம்பை எத்தனை தடவை மூடி எடுத்துப் பார்க்கிறோம்! அவருக்கு அது ஆகாது. "தொறந்து பார்த்தா, நம்மள சந்தேகப்படுதான்னு அதுக்குத் தெரிஞ்சுரும். பொறவு அது எதுக்கு மெனக்கெட்டு எந்திரிக்கணும்?" என்பார். கேக்கைப் பற்றித்தான் சொல்கிறார் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டில் நாலு விசைத்தறி. வீட்டின் முன்பக்கம் தறிக்கூடம், பின்பக்கம் நாங்கள். காலையில் ஐந்து மணிக்கு அப்பா தறியை ஓட்டினால் ராத்திரி வரைக்கும் வீடே தடதடக்கும். பிறந்ததிலிருந்து நாங்கள் கத்தித்தான் பேசுவோம். காலேஜில் என்னை, "ஏன்டி சண்டை போடுறே?" என்று கேட்காத ஆள் கிடையாது. தறி ஓடினால் இன்னொன்றும் நடக்கும். வீட்டுக் கரண்ட் அப்படியே சோர்ந்துவிடும். பல்பு மங்கும், மிக்சி முனகும், ஃபேன் ஏனோதானோ என்று சுற்றும். எங்களுக்கு அது பழகிப்போய்விட்டது.

அக்கா கோயம்புத்தூரில் வேலைக்குப் போன இடத்தில் இவரைப் பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டாள். வேறு சாதி ஆட்கள் என்பது ஒரு கோபம். அதைக்கூட அப்பா விழுங்கியிருப்பாரோ என்னவோ. "கரண்டி பிடிக்கிறவனுக்கா எம் பிள்ள?" என்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. இதை ஒரே ஒரு தடவை சொன்னார். பிறகு அக்காவைப் பற்றிய பேச்சே வீட்டில் கிடையாது. ஒன்றரை வருஷம் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் போன் செய்தால் எடுக்க மாட்டார். அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நீட்டினால், எழுந்து போய்த் தறியை ஓட்டிவிடுவார். அக்காவுக்கு அப்பா என்றால் உயிர். சின்ன வயதில் தறிக்கூடத்தில் அவர் காலடியில் படுத்துத்தான் தூங்குவாளாம், அந்தச் சத்தத்தில். அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அப்பா ஒரு வாய் பேச வேண்டும், ஒரு வேளை தன்னோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

அந்த வருஷம் எங்கள் ஊர்க் கோவிலில் ஆடித் தபசுத் திருவிழாவுக்கு வரச் சொல்லி அம்மாதான் அழைத்தாள். அப்பாவிடம், "பிள்ளைகள வரச் சொல்லிருக்கேன்" என்றாள். அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அக்கா பயந்துபோய், "அப்பா மூஞ்சியத் திருப்பிக்கிட்டா நான் செத்தே போவேன்மா" என்று போனில் அழுதாள். பின்னாலிருந்து அத்தானுடைய குரல் கேட்டது. "மாமா பேசுவாவ, நம்மகூட உக்காந்து சாப்பிடுவாவ. நான் சொல்லுதேன்." என் பதினெட்டு மார்க் எனக்கு ஞாபகம் வந்தது.

தபசுக்கு இரண்டு நாள் முந்திக் காலையில் வந்து இறங்கினார்கள். அக்கா கையில் பழப்பை, பூ. அத்தான் தோளில் போர்வையில் சுற்றிய ஒரு பெட்டி. கோயம்புத்தூரிலிருந்தே அதை மடியில் வைத்துக்கொண்டே வந்தாராம். அம்மா வாசலிலேயே, "என்ன மாப்ளே அது, டிவியா?" என்று கேட்டாள்.

"ஓவன், அத்தை."

"அது எதுக்கு?"

"மாமாவுக்குக் காலைல பான்கேக் போட்டுக் குடுக்கத்தான்."

அம்மா என்னைக் கொல்லைப்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். "ஏட்டி, உங்கப்பா எது வேண்டாம்னு ஒத்தக்கால்ல நிக்காவளோ, அதையே தூக்கிட்டு வந்திருக்காரே இந்த மனுசன்! ஒரு வேட்டி துண்டு வாங்கிட்டு வரப்பிடாதா?" என்று நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. சமையல் வேலையே ஆகாது என்கிற மாமனார் வீட்டுக்கு, அந்த வேலையையே மடியில் வைத்துக்கொண்டு எந்த மாப்பிள்ளையாவது வருவானா? அப்பா தறிக்கூடத்து வாசலில் நின்று பெட்டியைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், உள்ளே போனார். தறி ஓடியது.

தபசு என்று தெருவில் எல்லாத் தறிக்கும் லீவு. எங்கள் வீட்டில் மட்டும் நாலும் ஓடிக்கொண்டிருந்தது. தறி ஓடினால் யாரோடும் பேச வேண்டியதில்லை. சாப்பாட்டுக்கும் உள்ளே வரவில்லை. அம்மா தட்டை அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்தாள். அக்கா வீட்டின் நடுக்கூடமான பட்டாசாலையில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்து, தறிக்கூடத்துக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தான் அந்தச் சத்தத்தில் என்னிடம் கத்தினார்: "நாளைக்குக் காலைல பாரு, கொழுந்தியா!"

மறுநாள் ஆறரை மணிக்குத் தோளில் துண்டோடு கிளம்பிவிட்டார். அம்மா அடுப்படி வாசலை மறித்து நின்றாள். மாப்பிள்ளை என்றால் நாற்காலியில் உட்கார வேண்டும், நாங்கள் தட்டைக் கொண்டுபோய் வைக்க வேண்டும். அவர் அடுப்படிக்குள் நுழைந்தால் தெருவில் தலைகாட்ட முடியாது. "அடுப்படிக்கு எங்க வாரேன்? நான் பட்டாசாலைலயே இருந்துக்கிடுதேன்" என்று தையல் மிஷின் மேல் ஓவனைத் தூக்கி வைத்து, பக்கத்து பிளக்கில் மாட்டிவிட்டார். பிறகு முட்டை கேட்டார். அம்மா காதைப் பொத்திக்கொண்டாள். "தபசுக்குக் கொடி ஏறியிருக்கு. முட்டைங்கிற பேச்சே எடுக்காதிய."

"முட்டை இல்லாமலும் வரும் அத்தை. தயிர் இருக்கா?"

மைதா, தயிர், பால், சீனி, உருக்கிய நெய், கொஞ்சம் சோடா உப்பு. கட்டி தட்டாமல் கலக்கி, நெய் தடவிய பெரிய தட்டில் ஊற்றி, மேலே வாழைப்பழத்தை வட்டமாக நறுக்கிப் பரப்பினார். தோசைபோல ஒவ்வொன்றாகச் சுட வேண்டியதில்லையாம். ஒரே தட்டு, வீட்டுக்கே ஆகும், எல்லாரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிடலாமாம். அந்த 'எல்லாரும்' என்பதைச் சொல்லும்போது தறிக்கூடத்துப் பக்கம் ஒரு பார்வை போய்விட்டு வந்தது. கதவைச் சாத்தினார், விரல் முட்டியால் அதன் மேல் ஒரு தட்டுத் தட்டினார், தள்ளிப்போய் உட்கார்ந்துகொண்டார்.

இருபது நிமிஷம் ஆனது, திறந்தார். வெள்ளைவெளேர் என்று தட்டையாகப் படுத்துக் கிடந்தது. ஓரம் மட்டும் காய்ந்திருந்தது, நடுவில் ஈர மாவு. இன்னும் பத்து நிமிஷம் வைத்தார். அப்போதும் எழும்பவில்லை. அம்மா பாவம், வாயில் போட்டுக்கொண்டு, "இனிப்பு ஊத்தப்பம் மாதிரி நல்லாத்தான் இருக்கு மாப்ளே" என்றாள். தொண்டையில் சிக்கி, தண்ணீர் குடித்து இறக்கினாள். அக்கா இரண்டு துண்டை ஒரு தட்டில் வைத்து, கருப்பட்டிப் பாகு ஊற்றி, "நீயே கொண்டுட்டுப் போயேன்" என்று என்னிடம் தந்தாள். கொண்டுபோய் அப்பா பக்கத்தில் வைத்தேன். அரைமணி கழித்துப் போனால் தட்டு அப்படியே இருந்தது. மேலே நூல்பஞ்சு படிந்திருந்தது. அக்கா அதை வாங்கிக்கொண்டு கொல்லைக்குப் போனாள், வெகுநேரம் வரவில்லை.

அப்பா வராததற்கு அத்தான் ஏதாவது சமாதானம் சொல்வார் என்று பார்த்தால், மனுஷர் பான்கேக்கைப் பிட்டுப் பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். "முட்டை போடாததுதான் காரணம்" என்றேன். அம்மாவும் அதையேதான் சொன்னாள். அத்தான் தலையை ஆட்டினார். "முட்டை இல்ல, கரண்டு. உள்ள இருக்க பல்ப பார்த்தியா? தறி ஓடுத சத்தம் ஏற ஏற அது மங்குது. சூடே வரலை. தறி நின்னா இது எந்திரிக்கும்."

"எங்கப்பா தறிய நிறுத்தவா? நல்ல ஆளப் பார்த்தீங்க. எங்க பெரியப்பா செத்த அன்னைக்கே பத்து மணிக்கு மேலதான் நிறுத்தினாவ."

"கேட்டா நிறுத்துவாவ" என்றார். மறுநாள் தபசு. அன்று ராத்திரியே அவர்களுக்குப் பஸ். அதற்கடுத்த நாள் மத்தியானம் அத்தான் ஓட்டலில் நிற்க வேண்டும், லீவு அவ்வளவுதான். அக்காவுக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு காலை.

அன்று காலையிலும் அப்பா ஐந்து மணிக்குத் தறியை ஓட்டினார். ஊரே தலைக்குக் குளித்துக் கோவிலுக்குப் போய்க்கொண்டிருக்க, எங்கள் வாசலைத் தாண்டுகிறவர்கள் எல்லாரும் ஒரு நிமிஷம் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார்கள். ஆறரைக்கு அத்தான் ஓவனைப் போட்டார். பிறகு நேராகத் தறிக்கூடத்துக்குள் நடந்தார். ஒன்றரை வருஷத்தில் ஒரு வார்த்தை பேசாத மாமனாரிடம் முதல் வார்த்தையாக என்ன சொல்லப் போகிறார் இந்த மனுஷர்? மன்னிப்பா, கும்பிடா? கதவோரம் போய் ஒளிந்து நின்றேன். நாலு தறிச் சத்தத்தையும் மீறி அத்தான் கத்தினார்.

"மாமா! அரைமணி நேரம் தறிய நிறுத்தணும்! ஓவனுக்குக் கரண்டு பத்தலை!"

அட கடவுளே. இதுதான் முதல் வார்த்தை. அப்பா நிமிர்ந்து பார்த்தார். இழை அறுந்த இடத்தில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். தறிக்காரர்களுக்குச் சத்தம் கேட்க வேண்டாம், உதட்டைப் பார்த்தே படித்துவிடுவார்கள். எல்லாம் புரிந்துதான் இருந்தது. மறுபடியும் குனிந்து அடுத்த இழையைப் பிடித்தார்.

அத்தான் திரும்பி வந்தார். "நிறுத்துவாவ" என்று எல்லாருக்கும் பொதுவாக அறிவித்துவிட்டு மாவைக் கலக்க ஆரம்பித்தார். அக்கா, "உங்கள யாரு போய்க் கேக்கச் சொன்னா? இருக்கதையும் கெடுத்தாச்சு" என்று தலையில் அடித்துக்கொண்டு கொல்லை வாசலில் போய் நின்றாள். அம்மா கருப்பட்டியைக் காய்ச்சுகிற சாக்கில் அடுப்பைவிட்டு நகரவில்லை. அத்தான் தயிர் ஊற்றினார், பால் ஊற்றினார். சோடா உப்பை எடுத்தபோது நான் கையைப் பிடித்தேன்.

"தறி இன்னும் ஓடுது அத்தான். சோடா போட்டாச்சுன்னா மாவு காத்துக்கிட்டு இருக்காதுன்னு நீங்கதான நேத்து சொன்னிய?"

"ஆமா" என்று சொல்லிக்கொண்டே போட்டுவிட்டார். மாவு நுரைத்துக் குமிழ் விட்டது. தறிச் சத்தம் குறையவே இல்லை. மங்கிய பல்பின் கீழே அந்தச் சட்டியையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அவர் காதருகே போய்க் கேட்டேன்.

"நெசமாச் சொல்லுங்க. எங்கப்பா வருவாவன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் கரண்டியை நிறுத்தவில்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. "எனக்கு எங்க தெரியும்?" என்றார். "வருவாவன்னு நான் அடிச்சுச் சொல்லலைன்னா உங்க அக்கா பஸ் ஏறியிருக்க மாட்டா. அங்க நாலு மாசமா ஒழுங்காத் தூங்கலை, சாப்பிடலை. ஒருத்தராவது தெரிஞ்ச மாதிரி இருக்கணும்லா?"

அப்போதுதான் பார்த்தேன், சட்டை முதுகோடு ஒட்டி நனைந்திருந்தது. இரண்டு நாளாக இந்த ஆளைக் கேலி செய்த என் வாயில் நானே அடித்துக்கொள்ளலாம்போல இருந்தது. வீட்டில் எங்கள் எல்லாரையும்விட அதிகம் பயந்திருந்தவர் அவர்தான்.

ஒரு தறி நின்றது.

நாற்பது வருஷமாகத் தறிச் சத்தத்தோடு இருந்த அம்மாவுக்கு அது உடனே தெரிந்துவிட்டது. கரண்டியோடு அடுப்படி வாசலுக்கு வந்தாள். இரண்டாவது நின்றது, மூன்றாவதும் நின்றது. நாலாவது மட்டும் தனியாக ஓடிக்கொண்டே இருந்தது. ஓடியது, ஓடியது. பிறகு அதுவும் நின்றது. பல்பு பளிச்சென்று எரிந்தது.

எங்கள் வீட்டில் பகலில் அவ்வளவு அமைதியை நான் கேட்டதே இல்லை. கோவில் பக்கத்து மேளம் கேட்டது. அடுத்த வீட்டுக் குழாயில் தண்ணீர் விழுகிறது கேட்டது. அம்மாவின் வளையல் சத்தம்கூடக் கேட்டது. அத்தான் ஐந்து நிமிஷம் சூடு ஏற விட்டு, மாவைத் தட்டில் ஊற்றி உள்ளே வைத்து, கதவைச் சாத்தினார். முட்டியால் தட்ட மறந்துவிட்டார்.

அப்பா வந்தார். தலையிலும் புருவத்திலும் பஞ்சு. யாரையும் பார்க்காமல், ஓவனுக்கு எதிரே தரையில் குத்தவைத்து உட்கார்ந்து, கண்ணாடி வழியே உள்ளே பார்த்தார். ரிப்பேருக்கு வந்த ஒரு மிஷினைப் பார்க்கிற பார்வை.

"எவ்வளவு நேரம் ஆகும்?" என்று ஓவனிடம் கேட்டார்.

"பதினெட்டு நிமிஷம், மாமா" என்றார் அத்தான்.

பதினெட்டு நிமிஷம் தறியை நிறுத்திவிட்டு அப்பா சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. உட்கார்ந்தார். பத்து நிமிஷம் இருக்கும், "தொறந்து பாக்கப்பிடாதா?" என்றார். இத்தனை நாளைக்கு அப்புறம் மாமனார் வாய்திறந்து கேட்கிறார், வேறு யாராக இருந்தாலும் கதவையே கழற்றிக் கையில் கொடுத்திருப்பார்கள். "தொறக்கக் கூடாது மாமா" என்றார் அத்தான். அப்பா கோபப்படவில்லை. இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்து கண்ணாடியில் கையை வைத்து வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு பார்த்தார். அவர் முகம் மாறுவதை வைத்துத்தான் எங்களுக்கு உள்ளே நடப்பது தெரிந்தது. "ஓரம் ஏறுது" என்றார். பிறகு, "நடுவுலயும் ஏறுதே!" என்றார். முட்டை இல்லை, கரண்டுதான் என்று அத்தான் சொன்னது அந்த ஒரு தடவை சரியாக இருந்தது.

வெளியே எடுத்தபோது தட்டு நிறைய, பொன்னிறமாக, வாழைப்பழம் எல்லாம் மேலே சிவந்து பளபளத்து, வீடு முழுக்க நெய் வாசனை. அத்தான் கத்தியை எடுத்து நிமிர்ந்தார், சதுரம் சதுரமாக வெட்டினார். யாரும் தட்டு எடுக்கவில்லை, நகரவும் இல்லை. அப்பா பட்டாசாலையைச் சுற்றிப் பார்த்தார். கொல்லை வாசலில் நின்ற அக்கா மேல் கண் போய் நின்றது.

"ஏட்டி."

அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னட்டி அங்கன நிக்கே? தட்ட எடுத்துட்டு வந்து உக்காரு. ஆறிப்போவும்லா?"

ஒன்றரை வருஷமாக அப்பாவிடம் சொல்ல என்னென்னவோ சேர்த்து வைத்திருந்தாள். எனக்குப் போனில் ஒப்பித்துக்கூடக் காட்டியிருக்கிறாள். அது எதுவும் வரவில்லை. "வாரேன்ப்பா" என்றாள். அடுப்படிக்குள் ஓடினாள். பிறந்து வளர்ந்த வீட்டில் தட்டு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் டப்பாவையெல்லாம் உருட்டினாள். கடைசியில் அம்மாதான் எடுத்துக் கொடுத்தாள். இரண்டு பேரும் அங்கேயே நின்று அழுத சத்தம் எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது. தறி நின்ற வீட்டில் எதையும் ஒளிக்க முடியாது.

ஐந்து பேரும் தரையில் வட்டமாக உட்கார்ந்தோம். அப்பாவுக்குப் பக்கத்தில் அக்கா. அவர் முதல் துண்டை மெதுவாகச் சாப்பிட்டார். இரண்டாவதைக் கேட்காமலே எடுத்துக்கொண்டார். "இனிப்பு கொஞ்சம் தூக்கல்" என்றார். குறை சொல்லிவிட்டார் என்றதும் அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. பிடிக்காததை அவர் குறை சொல்ல மாட்டார், தொடவே மாட்டார். அக்கா தன் துண்டைப் பிட்டுக்கொண்டே இருந்தாள். "தின்னுட்டி, எலும்பா இருக்கே" என்று அப்பா பாகுக் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினார். கண்ணீரும் கருப்பட்டிப் பாகுமாக அவள் சாப்பிட்டாள். அத்தான் மட்டும் தட்டில் இருந்ததைத் தொடவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தார்.

அப்பா கை கழுவினார். தறிக்கூடத்துப் பக்கம் நடந்தார். சரி, இனி தறி ஓடும், ராத்திரி பஸ்ஸும் வந்துவிடும், கிடைத்தவரைக்கும் போதும் என்று நான் மனசைத் தேற்றிக்கொண்டேன். கதவருகே போனவர் நின்றார். திரும்பினார், அப்போதும் நேராக அத்தானைப் பார்க்கவில்லை. தையல் மிஷின் மேலிருந்த ஓவனைப் பார்த்துத்தான் கேட்டார்.

"நாளைக்கும் தறிய நிறுத்தணுமோ?"

அக்கா அத்தானைப் பார்த்தாள். இரண்டு டிக்கெட்டும் அவர் சட்டைப்பையில் இருந்தன. நாளை மத்தியானம் ஓட்டலில் அவர் இல்லையென்றால் வேலை இருக்குமா, போகுமா, யாருக்கும் தெரியாது.

அத்தான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"நிறுத்தணும் மாமா" என்றார்.